யோசனை சொல்லு, காசு கேட்காதே

ஆயுத பூஜையன்று லேத் மெஷினுக்குச் சந்தனம் தடவிப் பொட்டு வைக்கிறோம். அதேபோல வருஷத்துக்கு ஒரு வாரம் தொழிலாளியின் மூளைக்குப் பொட்டு வைக்கும் விழா ஒன்று இப்போது கம்பெனிதோறும் நடக்கிறது. பெயர் ‘இன்னோவேஷன் வீக்’. கேட்டிலிருந்து கேன்டீன் வரை ஃபிளெக்ஸ் பேனர். பல்பு படம் போட்ட டி-ஷர்ட். எம்.டி. மேடையேறி, “நீங்கள்தான் இந்தக் கம்பெனியின் சொத்து” என்கிறார். கைதட்டல். அழைத்து வரப்பட்ட பேச்சாளர் ஸ்டீவ் ஜாப்ஸ் கதையைச் சொல்லிக் கண் கலங்குகிறார். கூட்டமும் கலங்குகிறது; ஏ.சி. ஹாலில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் யாருக்குத்தான் நெகிழ்ச்சி வராது? குரூப் போட்டோ, சமூக ஊடகப் பதிவு. மறுநாள் காலை ஷிஃப்டில் எல்லாரும் பழைய டார்கெட்டுக்குத் திரும்புகிறார்கள்.

இந்த விழாவில் எனக்குப் பிடித்த அம்சம், அதற்கு பட்ஜெட் உண்டு என்பதுதான். ஹாலுக்கு உண்டு, பேச்சாளருக்கு உண்டு, மெமென்டோவுக்கு உண்டு, பிரியாணிக்கு உண்டு. அங்கே வந்து சேரும் ஐடியாக்களில் ஒன்றையாவது செய்து பார்க்க ஒரு ரூபாய் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். கேட்டால் ஃபைனான்ஸ்காரர் பரிதாபமாகப் பார்ப்பார்: “ஐடியாவே இன்னும் வரலையே சார், வராத ஐடியாவுக்கு எப்படி பட்ஜெட் போடுறது?” பிரியாணியும்தான் அப்போது வேகவில்லை. அதற்கு மட்டும் நிதியாண்டின் முதல் மாதத்திலேயே எப்படிப் போட்டார்கள்?

ஒரு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம். ஸ்ரீபெரும்புதூரிலோ ஓசூரிலோ கோவையிலோ வேலை பார்க்கும் யாரும் இதைத் தம் கம்பெனி என்றே நினைத்துக்கொள்ளலாம். பலர் வாயால் கேட்டதைச் சேர்த்துக் கட்டியதுதான். அங்கே மெயின்டனன்ஸில் ஒரு ஃபிட்டர். சாப்பாட்டு நேரத்தில் லைன் நிற்கிறது, கம்ப்ரசர் நிற்பதில்லை. குழாய் இணைப்புகளிலும் பழைய ஹோஸ்களிலும் காற்று உஸ்ஸென்று கசிந்துகொண்டே இருக்கிறது. அந்தக் காற்றை அழுத்தி அனுப்புவது மின்சாரம். எனவே கசிவது கரன்ட் பில். மெயின் லைனில் ஒரு சோலினாய்டு வால்வும் டைமரும் வைத்தால் இடைவேளையில் காற்றை மூடிவிடலாம் என்று அவருக்குத் தோன்றியது. சில ஆயிரம் ரூபாய் வேலை. ஐடியா ஃபாரத்தை நிரப்பினார். ஒரு கட்டத்தில் பேனா நின்றது: ‘இதனால் ஆண்டுக்கு மிச்சமாகும் தொகை. ஆதாரம் இணைக்கவும்.’

“சார், எவ்வளவு காத்து வீணாப் போகுதுன்னு அளக்க ஒரு ஃப்ளோ மீட்டர் வேணும்.”

“வாங்கிக்கப்பா. பி.ஆர். போடு” என்றார் சூப்பர்வைசர். போட்டார். பர்சேஸிலிருந்து கூப்பிட்டார்கள்.

“இது எந்த காஸ்ட் சென்டர்?”

“தெரியல சார். ஐடியா ஸ்கீம்ல குடுத்தது.”

“ஐடியாவுக்கெல்லாம் காஸ்ட் சென்டர் கெடையாதுப்பா. சரி, மூணு கொட்டேஷன் வாங்கு. மீட்டருக்கு ஆர்.ஓ.ஐ. எழுதிக் குடு.”

“மீட்டர் வந்தாத்தானே சார் ஆர்.ஓ.ஐ. தெரியும்?”

“ஆர்.ஓ.ஐ. இல்லாம மீட்டர் எப்படிப்பா வரும்?”

இந்த உரையாடல் இன்னும் முடியவில்லை. ஃபாரம் ‘பரிசீலனையில்’ இருக்கிறது, காற்றும் கசிந்துகொண்டிருக்கிறது. ஆனால் ‘இந்த ஆண்டு வந்த ஐடியாக்கள்’ என்ற கணக்கில் ஃபிட்டருடையதும் சேர்ந்துவிட்டது. ஆண்டறிக்கையின் வழவழப்பான தாளில் பச்சை நிறப் பட்டை ஒன்று அதனால் ஒரு மயிரிழை உயர்ந்து நிற்கிறது.

கைசன் என்ற ‘சின்னச் சின்ன முன்னேற்ற’க் கூத்து தனி ரகம். ஆளுக்கு மாதம் இத்தனை கைசன் என்று டார்கெட். மாதக் கடைசி வந்தால் ஷாப் ஃப்ளோரில் புதுமைப் பஞ்சம் தலைவிரித்தாடும். லைன் லீடர் ஷீட்டை எடுத்துக்கொண்டு, “தம்பி, ஒண்ணு குடுடா, ஒண்ணே ஒண்ணு” என்று அலைவார். குப்பைத் தொட்டி இடது பக்கம் இருந்தது, பிஃபோர் போட்டோ. வலது பக்கம் வைத்தாயிற்று, ஆஃப்டர் போட்டோ. பலன்: ‘நடை தூரம் குறைந்தது.’ அடுத்த மாதம் தொட்டி இடது பக்கம் திரும்பும். நடை தூரம் மறுபடியும் குறையும். இந்தக் கணக்கில் நடந்தே ஆலையைச் சுருக்கி ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம்.

டொயோட்டாவைப் பார்த்துச் செய்கிறோம் என்பார்கள். 1950இல் டொயோட்டாவின் ஐஜி டொயோடா அமெரிக்காவில் ஃபோர்டு ஆலையைச் சுற்றிப் பார்த்தார். அங்கே கண்ட ஆலோசனைத் திட்டத்தைத் தழுவி 1951இல் தம் கம்பெனியில் ஒன்றைத் தொடங்கினார்கள். டொயோட்டாவில் கொடுக்கும் பரிசுப் பணம் பெரும்பாலும் சிறிசுதான். பெரிசு வேறொன்று: லைனில் கோளாறைக் கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து உற்பத்தியையே நிறுத்தலாம். நாம் சஜஷன் ஃபாரத்தை இறக்குமதி செய்தோம், சுவரில் ஜப்பானிய வார்த்தைகளை ஒட்டினோம், சில இடங்களில் கயிற்றைக்கூடக் கட்டினோம். இழுத்தவன் கதி என்ன ஆயிற்று என்று விசாரித்துப் பாருங்கள். கயிறு ஒருமுறைதான் இழுபடும். அப்புறம் இழுத்தவனை மாதக் கணக்கில் இழுப்பார்கள்.

இதில் யார் மூளைக்கு அழைப்பு என்பதையும் பார்க்க வேண்டும். மத்திய அரசின் ஆண்டுத் தொழில் ஆய்வுக் கணக்குப்படி நம் நாட்டுப் பதிவு பெற்ற ஆலைகளின் தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர்கள். மெஷினுக்கு மிக அருகில் நிற்பவர்கள் பல இடங்களில் அவர்கள்தான். எந்த போல்ட் எப்போது தளரும், எந்த மோல்டு எந்த ஷிஃப்டில் சண்டித்தனம் செய்யும் என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. ஐடியா போர்ட்டலுக்குள் நுழைய எம்ப்ளாயி நம்பர் கேட்கும். அவர்களுக்கு நம்பர் கிடையாது. ஆகவே அவர்களுக்கு ஐடியாவும் கிடையாது என்பது கம்பெனியின் கொள்கை. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்த பையன் ஒருவன் ஜிக்கில் ஒரு தகட்டை வளைத்து வைத்து ரிஜக்‌ஷனைக் குறைத்திருப்பான். அது இன்ஜினியர் பெயரில் ஷீட்டாகும், மேனேஜர் பெயரில் பிரசன்டேஷனாகும், வைஸ் பிரசிடென்ட் கையில் கேடயமாகும். பையனுக்கு ஒப்பந்தம் முடிந்திருக்கும். இதைத் திருட்டு என்று சொன்னால் ஹெச்.ஆருக்குக் கோபம் வரும். ‘டீம் ஒர்க்’ என்று சொல்ல வேண்டும்.

ஓ.எம்.ஆர். கண்ணாடிக் கட்டடங்களில் இதற்கே இங்கிலீஷ் வேஷம். ஹேக்கத்தான். சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு காலை வரை 24 மணி நேரம் கண் விழித்து கம்ப்யூட்டர் கோடு எழுத வேண்டும். ஓவர்டைம் கிடையாது, பீட்சா உண்டு. ஜெயித்த குழுவுக்குக் கையொப்பமிட்ட சான்றிதழும் கிஃப்ட் வவுச்சரும். அந்த கோடு திங்கட்கிழமை கிளையன்டுக்கு ‘வேல்யூ ஆட்’ என்று போய்ச் சேரும். வார நாளில் இரண்டு மணி நேரம் ஒதுக்கித் தாருங்கள், இதையே நிதானமாகச் செய்கிறோம் என்று கேட்டுப் பாருங்கள்: “பில்லபிள் அவர்ஸ் என்னாகுறது?” புதுமைக்கு விடுமுறை நாளில்தான் அனுமதி.

அடுத்து, சீஃப் இன்னோவேஷன் ஆபீசர். அவருடைய முதல் புதுமை அவருடைய பதவி. இரண்டாவதைப் பற்றித் தகவல் இல்லை.

இவர்கள் எல்லாரும் மேடையில் தவறாமல் சொல்லும் பெயர் 3எம். அங்கே ஊழியர்கள் வேலை நேரத்தில் 15 சதவீதத்தைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம். 1948 முதல் இருக்கும் வழக்கம். அதோடு பேச்சை முடித்துவிடுவார்கள். முடிக்காமல் கொஞ்சம் பின்னால் போனால் ரிச்சர்ட் ட்ரூ வருவார். அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில், உப்புத்தாள் தயாரித்துக்கொண்டிருந்த அந்தக் கம்பெனியில் சாதாரண ஆய்வக ஊழியர். 1920களில் இரட்டை வண்ணக் கார்கள் மோஸ்தர். கார்களுக்குப் பெயின்ட் அடிக்கும் பட்டறையில் உப்புத்தாள் கொடுக்கப் போனவர், ஒட்டிய நாடாவைப் பிய்க்கும்போது பெயின்டும் உரிந்து வந்ததால் பெயின்டர்கள் கெட்ட வார்த்தையில் திட்டியதைக் கேட்டார். பெயின்டை உரிக்காத நாடா செய்கிறேன் என்று உட்கார்ந்தார். மேலதிகாரி வில்லியம் மெக்நைட் கூப்பிட்டு, உன் வேலை உப்புத்தாள், அதைப் போய்ப் பார் என்றார். ட்ரூ விடவில்லை. வேண்டிய இயந்திரத்துக்குப் பணம் கேட்டார், மறுப்பு. ஆனால் 100 டாலர் வரை மேலிடக் கையெழுத்து இல்லாமல் வாங்கும் அதிகாரம் அவருக்கு இருந்தது. 100 டாலருக்கு உட்பட்ட பர்சேஸ் ஆர்டர்களாக ஒன்றன்பின் ஒன்று போட்டு இயந்திரத்தையே வாங்கிவிட்டார் என்பது அந்தக் கம்பெனியில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் கதை. மாஸ்கிங் டேப் 1925இல் பிறந்தது. மெக்நைட் அவரை வேலையைவிட்டு அனுப்பவில்லை. ஊழியர்களை விட்டுப் பிடிக்கும் அந்தக் கம்பெனியின் வழக்கமே இதற்குப் பிறகுதான் வேர்விட்டது.

இதையே நம் ஃபிட்டர் செய்திருந்தால்? இன்டர்னல் ஆடிட்டில் இதற்குப் பெயர் இருக்கிறது: பி.ஓ. ஸ்ப்ளிட்டிங். அதிகார வரம்பை ஏமாற்ற ஆர்டரைத் துண்டு போட்ட குற்றம். மெமோ, விளக்கம், விசாரணை, சஸ்பென்ஷன். உலகத்துக்கு ஒட்டு நாடா கிடைத்திருக்காது. ஃபிட்டருக்கு வேலை இருந்திருக்காது. வீட்டுக்குப் போகும் வழியில் ஃபிளெக்ஸில் ‘துணிந்து யோசி’ என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே போயிருப்பார்.

ஃபிலிம் விற்ற கோடக்கைப் பற்றி ஒரு வார்த்தை. 1898இலேயே ஆலோசனைத் திட்டம் வைத்திருந்த கம்பெனி அது. ஜன்னலைக் கழுவினால் வெளிச்சம் நன்றாக வரும் என்று சொன்ன தொழிலாளிக்கு 2 டாலர் கொடுத்தார்கள். 1975இல் ஸ்டீவன் சாசன் என்ற இளம் இன்ஜினியர் ஃபிலிம் இல்லாத கேமராவைச் செய்து மேலிடத்து மேஜையில் வைத்தார். நன்றாகத்தான் இருக்கிறது, யாரிடமும் சொல்லிவிடாதே என்கிற தொனியில் பதில் வந்ததாக அவரே பின்னாளில் சொன்னார். 2012 ஜனவரியில் கோடக் திவால் மனு போட்டது. ஜன்னல் அளவு ஐடியா என்றால் எல்லா முதலாளிக்கும் பிடிக்கும்.

ஐடியாவுக்குப் பணமும் கொடுத்து, பிறகு அந்தப் பெருந்தன்மையைத் தாமே கெடுத்துக்கொண்ட கதை ஒன்று உண்டு. ஜப்பானில் தோகுஷிமா பகுதியில் அனான் என்ற சிறு நகரம். அங்கே நிச்சியா என்ற ரசாயனக் கம்பெனி. 1988இல் ஷூஜி நாகமுரா என்ற ஊழியர் நேராக நிறுவனர் நொபுவோ ஒகாவாவிடம் போய், நீல நிற எல்.இ.டி. செய்ய வேண்டும், பணம் வேண்டும் என்றார். பெரிய பெரிய கம்பெனிகளும் பல்கலைக்கழகங்களும் பல வருஷமாய் முட்டி மோதிக்கொண்டிருந்த விஷயம் அது. கிழவர் கொடுத்தார், கிட்டத்தட்ட 30 லட்சம் டாலர். எந்த ஃபாரத்தில் எந்தக் கட்டத்தை நிரப்பச் சொன்னார் என்று தேடிப் பார்த்தேன், அப்படியொன்று அகப்படவில்லை. பிறகு தலைமை மாறியது. ஆராய்ச்சியை நிறுத்து என்று புதியவரிடமிருந்து உத்தரவு. நாகமுரா காகிதத்தைக் கண்டுகொள்ளாமல் வேலையைப் பார்த்தார். 1993இல் நீல ஒளி வந்தது. இன்று நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்கு அதன் வாரிசு.

கம்பெனி அவருக்குக் கொடுத்த வெகுமதி 20,000 யென். சுமார் 200 டாலர். அவர் வேலையை விட்டு அமெரிக்கா போனார், வழக்குப் போட்டார். 2004இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 2,000 கோடி யென் கொடு என்றது. மேல்முறையீட்டில் சமரசம் பேசி 2005இல் சுமார் 84 கோடி யென்னுக்கு முடித்தார்கள். 2014இல் அவருக்கு, அதே துறையில் உழைத்த விஞ்ஞானிகள் அகாசாகி, அமானோ இருவரோடும் சேர்த்து, நோபல் பரிசு கிடைத்தது. இதிலிருந்து ஜப்பானிய முதலாளிகள் கற்ற பாடம் என்ன தெரியுமா? காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தச் சொன்னார்கள். 2015இல் திருத்தினார்கள். ஊழியரின் கண்டுபிடிப்பு பிறக்கும்போதே கம்பெனிக்குச் சொந்தமாகும்படி ஏற்பாடு செய்துகொள்ளலாம் என்று இப்போது இருக்கிறது. அதிலும் ஊழியருக்குத் தகுந்த பலன் கொடுத்தாக வேண்டும் என்ற ஒரு வரியை விட்டு வைத்திருக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இயான் ஷேங்க்ஸ். யூனிலீவரில் வேலை பார்த்த விஞ்ஞானி. 1982இல் தம் மகளின் பொம்மை மைக்ராஸ்கோப்பில் இருந்த கண்ணாடிச் சில்லுகளையும் காகித கிளிப்புகளையும் வைத்து, ரத்தச் சர்க்கரை பார்க்கும் கருவிக்கு அடிப்படையான ஒன்றை வீட்டிலேயே செய்தார். ஆராய்ச்சி பட்ஜெட்: குழந்தையின் விளையாட்டுச் சாமான். கம்பெனி அதன் காப்புரிமையில் 2 கோடியே 40 லட்சம் பவுண்டு அளவுக்குச் சம்பாதித்தது. அவர் 2006இல் பங்கு கேட்டு மனுப் போட்டார். வாதம் இப்படி ஓடியது: கம்பெனி மலைபோல் பெரிசு, அதன் மொத்த லாபத்துக்கு முன்னால் இது பொடி, எனவே தனியாக எதுவும் தர வேண்டியதில்லை. கொழுத்தவன் பசியே அறியமாட்டான், அதனால் அவன் தின்றதற்குக் காசு கேட்காதே என்பதுபோல் ஒரு நியாயம். 13 வருஷம் இழுத்து, 2019இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை உதறிவிட்டு அவருக்கு 20 லட்சம் பவுண்டு கொடுக்கச் சொன்னது.

ஜெர்மனியில் 1957 முதல் ஊழியர் கண்டுபிடிப்புக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. நம் 1970ஆம் வருஷத்துக் காப்புரிமைச் சட்டத்தில், சம்பளம் வாங்கும் ஊழியனின் கண்டுபிடிப்புக்கு வெகுமதி என்று ஒரு பிரிவுகூட இல்லை. அதனால் எல்லாமே அப்பாயின்ட்மென்ட் ஆர்டர் சொன்னபடி. அதில் பொடி எழுத்தில் ஒரு பத்தி இருக்கும்: பணிக்காலத்தில் நீ யோசிப்பதெல்லாம் கம்பெனிக்கு. ஆபீஸ் நேரமா, வீட்டு நேரமா, பஸ் நேரமா என்ற பேதம் பல ஆர்டர்களில் கிடையாது. கனவு காணும்போதுகூட முதலாளி ஓர் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“தொழிலாளி கையில் பணத்தைக் கொடுத்தால் என்ன ஆகும்?” என்று கேட்கிறார்கள். கேட்கும் முகத்தைப் பாருங்கள், அதில் ‘திருடுவான்’ என்று எழுதியிருக்கும். அடோபி என்ற மென்பொருள் கம்பெனி 2013வாக்கில் கேட்ட ஊழியருக்கெல்லாம் ஒரு சிவப்பு அட்டைப் பெட்டி கொடுத்தது. உள்ளே செய்முறைக் குறிப்புகள், சாக்லேட், 1,000 டாலர் போட்ட கார்டு. அன்றைய கணக்கில் சுமார் 60 ஆயிரம் ரூபாய். எதற்குச் செலவழிக்கிறாய் என்று யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. கம்பெனி மூழ்கிவிடவில்லை. டாடா குழுமம் செய்து பார்த்துத் தோற்ற முயற்சிக்கே ‘டேர் டு ட்ரை’ என்று ஒரு பரிசு வைத்திருக்கிறது. சென்னைப் பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல் இந்தியாவிலேயே முதலாவதாக டெமிங் பரிசு வாங்கியது. ஷாப் ஃப்ளோர் ஆட்களை ஒதுக்கி வைத்துவிட்டு வாங்கக்கூடிய பரிசில்லை அது. ‘நம்ம ஆளுங்களுக்கு இதெல்லாம் சரிப்பட்டு வராது’ என்று இனிமேல் யாரும் வாயைத் திறக்க வேண்டாம்.

திருட்டைப் பற்றிப் பேசுவதானால் முழுசாகப் பேசலாம். மேலிடம் ஒரு சாஃப்ட்வேரை வாங்குகிறது. கோடிக்கணக்கில் போட்டு, வெளிநாட்டு ஆலோசகரை வைத்து, இரண்டு வருஷம் ஓட்டி, கடைசியில் ஓடவில்லை என்று எக்செல்லுக்கே திரும்புகிறார்கள். அந்தப் பணம் கணக்கில் ‘ரைட் ஆஃப்’. போர்டு மீட்டிங்கில் அது ‘லேர்னிங்’. முடிவெடுத்தவருக்கு அதே வருஷம் போனஸ். கடுகு போன இடத்தை ஆராய்வார்கள், பூசணிக்காய் போன இடம் தெரியாது. ஃபிட்டரின் வால்வு ஒருவேளை வேலை செய்யாமல் போனால் சில ஆயிரம் ரூபாய் நஷ்டம். அந்தச் சில ஆயிரத்தை நம்பித் தர முடியாத ஒருவரிடம்தான் பல கோடி ரூபாய் மெஷினை ராத்திரி ஷிஃப்டில் தனியாக விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். அப்போது மட்டும் அவர் நாணயஸ்தர்.

முதலாளிமாரே, எம்.டி. ஐயாமாரே, ஒவ்வொரு லைனுக்கும் மாதம் பத்தாயிரம் ரூபாய், கேள்வி கேட்காமல், ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்துக் கொடுங்கள். செய்து பார்த்துக் கெட்டால் கெடட்டும். மிச்சம் பிடித்துக் கொடுத்தால் அதில் பங்கு கொடுங்கள், தட்டிக் கொடுக்காதீர்கள். முடியாதென்றால் ஐடியா கேட்பதை நிறுத்துங்கள். பிச்சை எடுப்பவர்கூடப் பாத்திரத்தைத் தாமே கொண்டுவருகிறார்.

வேலை பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஃபாரத்தை நிரப்பும் முன் உங்கள் அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் அந்தப் பொடி எழுத்துப் பத்தியைப் படியுங்கள். யோசனை தோன்றிய அன்றே தேதி போட்டு, படம் வரைந்து, பக்கத்து மெஷின்காரரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். நம் காப்புரிமைச் சட்டம் உங்களுக்குப் பணம் தரச் சொல்லவில்லை. ஆனால் அதன் 28ஆம் பிரிவின்படி, கண்டுபிடித்தவர் என்று உங்கள் பெயரைக் காப்புரிமையில் குறிப்பிடச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. அதற்குப் படிவம் 8. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே கொடுத்தாக வேண்டும்.